கடிதத்தின் அந்த அரைப் பக்கம்

கேள்வி: பதினான்கு ஆண்டுகளாக மாத நாவல்கள் எழுதி வருகிறேன். அறுபதுக்கும் மேல் வெளிவந்துவிட்டன. கடந்த ஐப்பசியிலிருந்து ஓர் அத்தியாயம்கூட நகரவில்லை. உட்கார்ந்தால் பழைய வசனங்களே வருகின்றன. என் கதாநாயகிகளின் மீது எனக்கே வெறுப்பாக இருக்கிறது. இரண்டு நாவல்களுக்கு முன்பணம் வாங்கியிருக்கிறேன். மகனின் கல்லூரிக் கட்டணத்தில் பாதி இந்த வருமானத்தில்தான் நடக்கிறது. கொஞ்ச நாள் ஓய்வெடுத்தால் சரியாகும் என்கிறார்கள், எடுத்தும் பார்த்துவிட்டேன். என் எழுத்து தீர்ந்துவிட்டதா? – ஒரு வாசகி, மதுரை.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

மேலே அச்சாகியிருப்பது உங்கள் கடிதத்தின் சுருக்கம்தான். எட்டுப் பக்கங்களையும் நான் மூன்று முறை படித்தேன். அவற்றில் பெரும்பகுதி எழுத முடியாமையைப் பற்றியது. அதை எழுதும்போது நீங்கள் எவ்வளவு களைத்திருந்தீர்கள் என்பதை வாக்கியங்களே காட்டிக்கொடுக்கின்றன, ஒரே செய்தி மூன்று இடங்களில் அதே சொற்களில் திரும்ப வருகிறது. ஆனால் ஆறாம் பக்கத்தின் கீழ்ப்பாதியில், தந்தையின் காரியத்துக்காக அருப்புக்கோட்டைக்குப் போயிருந்தபோது பெரியம்மா தறியில் பாவு (நீளவாக்கில் ஓடும் நூல்) பிணைப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததை எழுதியிருக்கிறீர்கள். சாம்பலை விரல் நுனியில் தொட்டு, தறியின் அச்சில் மீந்திருக்கும் பழைய பாவின் இழையோடு புதுப் பாவின் இழையை வைத்து ஒரே திருகில் அவர் சேர்ப்பதையும், கண் மங்கிய பிறகும் விரல் தப்பாததையும், நடுவில் யாராவது பேச்சுக் கொடுத்தால் பதில் சொல்லிக்கொண்டே கை நிற்காமல் ஓடுவதையும் சொல்லியிருக்கிறீர்கள். அந்த அரைப் பக்கத்தில் ஒரு சொல்கூட அடிக்கப்படவில்லை. அதற்கு அடுத்த வரியில், "இதையெல்லாம் எழுதி உங்கள் நேரத்தை வீணாக்க விரும்பவில்லை" என்று முடித்துவிட்டு மறுபடியும் நாவலுக்குப் போய்விட்டீர்கள்.

எழுத்து தீர்ந்துபோனவர் அந்த அரைப் பக்கத்தை எழுதியிருக்க முடியாது. உங்களிடம் தீர்ந்துபோயிருப்பது ஒரு வகை எழுத்து. பதினான்கு ஆண்டுகள் ஒரே அளவில், ஒரே திருப்பங்களோடு, மாதக் கடைசிக்குள் முடித்தாக வேண்டும் என்ற நெருக்கடியில் எழுதிய கை, இனி அந்தத் தடத்தில் ஓட மறுக்கிறது. ஓய்வு பலிக்காததற்கும் இதுவே காரணம் என்று நினைக்கிறேன். உடல் களைப்புக்கு ஓய்வு மருந்தாகும். ஆனால் ஓய்வு முடிந்து நீங்கள் திரும்பி வந்தது அதே மேசைக்கு, அதே கதாநாயகிக்கு. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில், 2019-இல் ஏற்கப்பட்ட பதிப்பு, வேலை அழுத்தத்தால் வரும் இந்தச் சோர்வை ('பர்ன்அவுட்') ஒரு நோயாகச் சேர்க்காமல் வேலையோடு ஒட்டிவரும் நிலையாக விவரிக்கிறது. ஆற்றல் வற்றுவது, வேலையிலிருந்து மனம் விலகிக் கசப்பது, செய்வதில் பயனில்லை என்று தோன்றுவது ஆகிய மூன்றையும் அது அடையாளமாகச் சொல்கிறது. கதாநாயகிகளின் மீது வந்த வெறுப்பை ஏதோ குற்றம் போல எழுதியிருக்கிறீர்கள். அது இந்த இரண்டாவது அடையாளம், அவ்வளவே.

இன்னொன்றையும் கவனித்தேன். எழுத்து நின்றது ஐப்பசியில் என்கிறீர்கள். தந்தை மறைந்தது புரட்டாசியில் என்று வேறொரு பக்கத்தில் இருக்கிறது. இரண்டையும் நீங்கள் எங்கும் சேர்த்துச் சொல்லவில்லை. துக்கம் வந்த வீட்டில் ஒரு வருடத்துக்குப் பண்டிகைகூடக் கொண்டாடாத நாம், எழுதுகிற கையை மட்டும் அடுத்த மாதமே வேலைக்குக் கூப்பிடுவது நியாயமா?

இங்கே ரஷ்ய எழுத்தாளர் செகாவின் வாழ்க்கையிலிருந்து ஒரு பகுதியைச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் உங்கள் நிலைக்கு இவ்வளவு அருகில் வரும் வேறொன்றை நான் அறியேன். தந்தை கடனில் மூழ்கி ஊரைவிட்டு ஓடிய குடும்பத்தைக் காப்பாற்ற, மருத்துவம் படித்துக்கொண்டே, 1880 முதல் நகைச்சுவை இதழ்களுக்குப் புனைபெயரில் நூற்றுக்கணக்கான துணுக்குகளையும் குட்டிக் கதைகளையும் எழுதித் தள்ளியவர் அவர். 1888-இல் ரஷ்யாவின் பெருமைக்குரிய புஷ்கின் பரிசு கிடைத்தது. அடுத்த ஆண்டு ஜூன் மாதம் அண்ணன் நிக்கலாய் காசநோயில் இறந்தார். அந்த ஆண்டின் கடைசியில் மேடையேறிய நாடகம் தோற்றது. முப்பது வயதில், ஊரே புகழும்போது, தம் எழுத்தின் மீதே அவருக்கு நிறைவில்லாமல் போயிற்று. அப்போது அவர் செய்ததை நண்பர்கள் பைத்தியக்காரத்தனம் என்றே நினைத்தார்கள். 1890 ஏப்ரலில் மாஸ்கோவை விட்டுக் கிளம்பி, சைபீரியாவுக்குக் குறுக்கே ரயில் பாதையே போடப்படாத அந்தக் காலத்தில், பெரும்பாலும் படகிலும் குதிரை வண்டியிலுமாக ஏறத்தாழ மூன்று மாதம் பயணம் செய்து, ஜாரின் அரசு கைதிகளை நாடுகடத்தி வைத்திருந்த சகாலின் தீவுக்குப் போய்ச் சேர்ந்தார்.

கதை தேடி அவர் போகவில்லை என்பதைக் கவனியுங்கள். மருத்துவத்துக்குத் தாம் பட்டிருக்கும் கடனில் கொஞ்சமாவது அடைக்க வேண்டும் என்றுதான் கிளம்புமுன் தம் பதிப்பாளருக்கு எழுதினார். தீவில் இருந்த காவல்துறை அச்சகத்திலேயே அட்டைகள் அச்சடித்துக்கொண்டு, வீடு வீடாக ஏறி மக்கள்தொகைக் கணக்கெடுத்தார். எந்தக் குடியிருப்பு, எத்தனையாம் எண் வீடு, கைதியா குடியேறியவரா, வயது என்ன, எந்த ஊரில் பிறந்தவர், தீவுக்கு வந்தது எந்த ஆண்டு, எழுதப் படிக்கத் தெரியுமா, மணமானவரா. தினமும் காலை ஐந்து மணிக்கு எழுந்து, மூன்று மாதங்களில் சுமார் பத்தாயிரம் அட்டைகளை நிரப்பினார். அந்த அட்டைகளில் உவமை இல்லை, திருப்பம் இல்லை, அழகான கடைசி வரி இல்லை. சலித்துப்போன ஓர் எழுத்தாளனுக்கு அது எவ்வளவு பெரிய விடுதலையாக இருந்திருக்கும் என்று நான் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு. தன் திறமையைக் காட்ட வேண்டிய கட்டாயம் இல்லாமல் எதிரே இருக்கும் மனிதரைக் கேட்டு, சொன்னதைச் சொன்னபடி எழுதிக்கொள்ளும் வேலை அது.

கப்பலில் ஹாங்காங், சிங்கப்பூர், கொழும்பு வழியாக ஊர் திரும்பினார். வரும் வழியில் கப்பலில் இறந்தவர்களைக் கடலில் இறக்கியதைப் பார்த்தது அவரை உலுக்கியது. அதிலிருந்து பிறந்த 'கூசெவ்' என்ற கதை அந்த ஆண்டு முடிவதற்குள் அச்சில் வந்தது. 1892-இல் வந்த 'ஆறாவது வார்டு' கதையின் கம்பிச் சன்னல்களுக்குப் பின்னால் அந்தத் தீவு இருப்பதாகவே நான் படிக்கிறேன். கணக்கெடுப்பிலிருந்து உருவான பெரிய நூல் 1895-இல் புத்தகமாயிற்று. தம் கதைகள் தொங்கும் துணி அலமாரியில் இந்த முரட்டுக் கைதி உடுப்பும் ஒன்றாகத் தொங்கப்போவதில் மகிழ்ச்சி என்று அவர் ஒரு கடிதத்தில் குறிப்பிட்டார்.

நம் பக்கத்திலும் ஒருவரைச் சொல்லலாம். சுந்தர ராமசாமி 1966-இல் 'ஒரு புளியமரத்தின் கதை'யை வெளியிட்ட பிறகு, ஆறேழு ஆண்டுகள் ஏறத்தாழ மௌனமாக இருந்தார். நாகர்கோவிலில் ஜவுளி வியாபாரத்தைக் கவனித்துக்கொண்டிருந்தார். 1973-இல் அவர் திரும்பி வந்தபோது மொழியே மாறியிருந்தது. 1981-இல் வந்த 'ஜே.ஜே: சில குறிப்புகள்' முதல் நாவலின் சாயலே இல்லாத வேறொரு வடிவம். அந்த இடைவெளியில் அவரிடம் யாராவது 'தீர்ந்துவிட்டதா' என்று கேட்டிருந்தால் என்ன பதில் சொல்லியிருப்பார்?

இனி நீங்கள் செய்ய வேண்டியது. உங்களுக்கு ஒரு வீடு நடத்த வேண்டியிருக்கிறது என்பதை மறந்து நான் எதையும் சொல்லமாட்டேன். பதிப்பாளரிடம் நேரில் பேசுங்கள். முன்பணம் வாங்கிய இரண்டில் ஒன்றை ஆறு மாதத்துக்குள் தருவதாகவும், மற்றதன் பணத்தை இனி வரும் தொகையில் கழித்துக்கொள்ளும்படியும் கேளுங்கள். அறுபது நாவல் தந்தவரிடம் இதற்கு அவர் இணங்காமல் இருக்க நியாயமில்லை. தர வேண்டிய அந்த ஒன்றை உங்கள் பழைய பாணியிலேயே, அது இலக்கியமாக வேண்டும் என்ற எண்ணமே இல்லாமல், கைப்பழக்கத்தில் எழுதி முடியுங்கள். கைப்பழக்கம் கேவலமான விஷயம் இல்லை. பெரியம்மாவின் விரலில் இருப்பதும் அதுதான். பிறகு ஆண்டுக்கு எழுதும் நாவல்களின் எண்ணிக்கையைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள். தூக்கமும் பசியும் வாரக்கணக்கில் கெட்டிருந்தால், எழுத்தைப் பற்றிய இந்தப் பேச்சையெல்லாம் ஒதுக்கிவிட்டு முதலில் ஒரு மருத்துவரைப் பாருங்கள். இதில் தயங்க வேண்டாம்.

மாதம் இரண்டு முறையாவது அருப்புக்கோட்டைக்குப் போய் வாருங்கள். மதுரையிலிருந்து அது பெரிய தூரமில்லை. ஒரு நோட்டில், செகாவின் அட்டை போலச் சின்னச் சின்னக் கேள்விகளை எழுதிக்கொண்டு போங்கள். உங்கள் தந்தையின் தெருவில் முன்பு எத்தனை தறி இருந்தது, இன்று எத்தனை. ஒரு சேலைக்கு அன்று என்ன கூலி, இன்று என்ன. ஒரு பாவு பிணைக்க எத்தனை மணி நேரம். அந்த வேலைக்குப் பெண்களுக்குத் தனிக் கூலி உண்டா, வீட்டு வேலையோடு வேலையாகப் போய்விட்டதா. சொல்பவர் சொல்லும் சொல்லையே எழுதுங்கள். தறியின் ஒவ்வொரு உறுப்புக்கும் அந்தத் தெருவில் ஒரு பெயர் இருக்கும். கேட்டு வைத்துக்கொள்ளாவிட்டால் பெரியம்மாவோடு சில பெயர்கள் போய்விடும்.

ஓர் எச்சரிக்கை மட்டும். சேர்த்ததை உடனே ஒரு நெசவாளர் குடும்ப நாவலாக, கல்யாணம் நின்றுபோன ஒரு மூத்த மகளோடு கட்டி எழுப்பிவிடாதீர்கள். பதினான்கு ஆண்டுப் பழக்கம் புதுச் சரக்கைப் பழைய அச்சில் வார்க்கத்தான் உங்களை இழுக்கும். குறைந்தது ஓராண்டு அது குறிப்பாகவே இருக்கட்டும். கட்டுரையாகுமா, கதையாகுமா, தந்தையைப் பற்றிய நூலாகுமா என்பதைக் குறிப்புகள் பெருகிய பிறகு முடிவு செய்யலாம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். தெருவில் பாவை நீட்டிக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்த ஒரு காலையில் திடீரென்று மழை வந்ததாகவும், உங்கள் தந்தை பாவை விட்டுவிட்டு உங்களைத்தான் முதலில் தூக்கிக்கொண்டு ஓடியதாகவும் எழுதி, அங்கேயே நிறுத்தியிருக்கிறீர்கள். அந்தப் பாவு என்ன ஆயிற்று? அதை எழுதி எனக்கு அனுப்புங்கள். எத்தனை பக்கமானாலும் படிக்கக் காத்திருக்கிறேன்.