கேள்வி பதில்: அமெரிக்கக் கறுப்பின அப்பாக்களும் அவர்களுக்கு நாம் துணை நிற்கும் வழிகளும்

சமூகப்பணி மாணவி, மதுரை: அண்ணா, கறுப்பினப் பிள்ளைகளில் பத்துக்கு ஏழு பேர் அப்பா இல்லாமல் வளர்வதாக வகுப்பில் சொன்னார்கள். உண்மையா?

இல்லை அம்மா. அந்தப் பத்துக்கு ஏழு, திருமணமாகாத தாய்க்குப் பிறந்த குழந்தைகளின் கணக்கு. திருமணம் ஆகவில்லை என்றால் அப்பா ஓடிப்போய்விட்டார் என்று அர்த்தமா? பலர் ஒரே வீட்டில் வாழ்கிறார்கள். பலர் வேறு வீட்டிலிருந்து வந்து பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு வேலைக்குப் போகிறார்கள். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் 2013 டிசம்பர் அறிக்கையைப் படியுங்கள். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையோடு ஒரே வீட்டில் வாழும் அப்பாக்களில், தினமும் குளிப்பாட்டுவது, உடுத்திவிடுவது, டயப்பர் மாற்றுவது போன்ற வேலைகளைச் செய்பவர்கள் கறுப்பினத்தவரில் 70 சதவீதம், வெள்ளையரில் 60, ஹிஸ்பானியரில் (லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர்) 45.

அப்பாவை வீட்டைவிட்டு விரட்டியதில் அரசுக்கும் பங்கு உண்டு. உதவித்தொகை வாங்கும் தாயின் வீட்டில் ஆண் இருக்கக் கூடாது என்று பல மாநிலங்கள் விதி வைத்திருந்தன. நள்ளிரவில் அதிகாரிகள் கதவைத் தட்டி, அலமாரியில் ஆண் சட்டை தொங்குகிறதா, கட்டிலுக்கடியில் ஆள் இருக்கிறதா என்று தேடினார்கள். அலபாமாவின் விதியை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது 1968-ல்தான். அடுத்த வகுப்பில் இதையும் எழுந்து சொல்லுங்கள்.

கிடங்கு மேற்பார்வையாளர், அட்லாண்டா: என் நண்பருக்கு வேலை போய்விட்டது. பிள்ளைக்கு மாதம் 400 டாலர் பராமரிப்புத் தொகை கட்ட கோர்ட் உத்தரவு இருக்கிறது. பிள்ளையின் அம்மா "மெதுவாகக் கொடு" என்கிறார். அது போதாதா?

போதாது. நல்ல அப்பாக்கள் மாட்டிக்கொள்வதே இங்கேதான். 1986-ல் வந்த மத்தியச் சட்டப்படி, தவணைத் தேதி தாண்டிய தொகையை எந்த நீதிபதியும் பிறகு குறைக்க முடியாது. மனு போட்டு எதிர்த்தரப்புக்குத் தகவல் போன நாளிலிருந்துதான் குறைப்பு கணக்காகும். மூன்று மாதம் தள்ளிப்போட்டால் 1,200 டாலர் கடன் அப்படியே நிற்கும். அதனால் இந்த வாரமே மனு போடச் சொல்லுங்கள். வழக்கு எண், வேலைநீக்கக் கடிதம், கடைசிச் சம்பளச் சீட்டுகள், வேலையின்மை உதவித்தொகைக் கடிதம், எந்தத் தேதியில் எங்கே வேலை கேட்டார் என்ற பட்டியல், எல்லாம் கையில் இருக்கட்டும்.

பணத்தைக் கையில் கொடுக்க வேண்டாம். டயப்பரும் ஷூவும் வாங்கித் தந்தது பெரும்பாலும் கணக்கில் ஏறாது. 20 டாலர்தான் இருக்கிறது என்றாலும் மாநிலப் பராமரிப்புத் தொகை அலுவலகம் வழியாகக் கட்டி ரசீதை வைத்துக்கொள்ளட்டும். பாக்கி 2,500 டாலரைத் தாண்டினால் பாஸ்போர்ட் கிடைக்காது. பாக்கி நீண்டால், பிடித்தம் போகக் கைக்கு வரும் சம்பளத்தில் 65 சதவீதம் வரை பிடிக்கலாம். பணம் கட்டாததற்காகச் சிறை என்று வந்தால்கூட அரசு செலவில் வழக்கறிஞர் தானாகக் கிடைப்பார் என்று நம்ப முடியாது. 2011-ல் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் தீர்ப்பளித்தது. வசதியில்லை என்பதைத் தாளில் காட்டியாக வேண்டும்.

அவரே: பிறப்புச் சான்றிதழில் அவர் பெயர் இருக்கிறதே, பிள்ளையைப் பார்க்கும் உரிமை தானாக வராதா?

ஜார்ஜியாவில் வராது. திருமணமாகாத அப்பா மேல்நிலை நீதிமன்றத்தில் தனியாக மனு போட்டுச் சட்டப்படி அப்பா ஆக வேண்டும். அந்த மனுவிலேயே பிள்ளையைப் பார்க்கும் நாட்களையும் கேட்டுவிடலாம். பணம் கட்டும் கடமை அதற்கு முன்பே வந்துவிடும், உரிமைக்குத்தான் காத்திருக்க வேண்டும். இதில் நியாயம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

தன்னார்வலர், சிகாகோ: அப்பாக்களுக்குக் கூட்டம் போட்டோம். மூன்றாவது வாரம் இரண்டே பேர். என்ன தப்பு?

எங்கே, எதற்காகக் கூப்பிட்டீர்கள்? "பொறுப்புள்ள தந்தை" என்று தலைப்பு வைத்தால், பொறுப்பில்லாதவன் என்று சொல்லிக் கூப்பிட்டதாகவே காதில் விழும். அவர்கள் ஏற்கெனவே போய்வரும் இடத்துக்கு நீங்கள் போங்கள். முடிதிருத்தும் கடை அதற்குத் தோதான இடம். லாஸ் ஏஞ்சல்ஸில் 52 கடைகளில், ரத்த அழுத்தம் உள்ள 319 கறுப்பின ஆண்களிடம் நடத்திய ஆய்வு 2018-ல் வெளியானது. மருந்தாளர் கடைக்கே வந்து மருந்து எழுதிக்கொடுத்த பிரிவில் ஆறு மாதத்தில் மேல் அழுத்தம் சராசரியாக 27 புள்ளி இறங்கியது. டாக்டரைப் பாருங்கள் என்று சொல்லி அனுப்பிய பிரிவில் 9 புள்ளிதான்.

எட்டிலிருந்து பன்னிரண்டு பேர் போதும். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, அதே கிழமை, அதே இடம், ஒன்றரை மணி நேரம். முதலில் சாப்பாடு. பஸ் பாஸ் கொடுங்கள், பிள்ளையைக் கூட்டிவந்தால் உட்கார ஒரு மூலை ஒதுக்குங்கள். நடத்துபவர்களில் ஒருவராவது அந்தத் தெருவில் பிள்ளை வளர்ப்பவராக இருக்க வேண்டும். முதல் நாளே "மனசு திறந்து பேசுங்கள்" வேண்டாம். மேலே சொன்ன, பராமரிப்புத் தொகையைக் குறைக்கக் கேட்கும் மனுவை உட்கார்ந்து நிரப்புங்கள். ஒரு தாள் வேலை முடிந்தால் மறுபடி வருவார், பேச்சு தானாக வரும். பராமரிப்புத் தொகை அதிகாரியை ஆரம்பத்திலேயே அழைக்காதீர்கள். கைது வாரண்ட் இருக்குமோ என்று பயந்து பாதிப் பேர் நின்றுவிடுவார்கள்.

கூடவே கண்ணால் பார்க்கிற மாதிரி ஒரு வேலையும் கொடுங்கள். 2021-ல் லூசியானாவின் ஷ்ரீவ்போர்ட்டில் ஒரு உயர்நிலைப் பள்ளியில் அடிதடிக்காக மூன்று நாளில் 23 மாணவர்கள் கைதானார்கள். ஏறத்தாழ நாற்பது அப்பாக்கள் ஷிப்ட் போட்டுப் பள்ளி வராந்தாவில் நின்றார்கள். காலையில் வாசலில் வணக்கம் சொன்னார்கள், ஜோக் அடித்தார்கள். சண்டை நின்றது.

செவிலியர், ஹூஸ்டன்: பிரசவத்துக்குப் பிறகு அப்பாவுக்கு என்ன சொல்லித்தர வேண்டும்?

2021-ல் ஒரு லட்சம் பிறப்புக்குக் கறுப்பினத் தாய்மாரில் 69.9 பேர் இறந்தார்கள், வெள்ளையரில் 26.6. அதனால் வீட்டில் ரத்த அழுத்தக் கருவி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். 160க்கு 110, இரண்டில் ஒன்று எட்டினாலே அவசரம். விடாத தலைவலி, கண் மங்கல், மூச்சுத்திணறல், ஒரு மணி நேரத்துக்குள் ஒரு பேட் நனைந்துபோவது, எதற்கும் காத்திருக்கக் கூடாது. அவசரப் பிரிவில் நுழைந்ததும் அவர் சொல்லும் முதல் வாக்கியம், "இவளுக்குக் குழந்தை பிறந்து இத்தனை நாள் ஆகிறது." அதைச் சொல்லாவிட்டால் சாதாரணத் தலைவலி என்று உட்காரவைத்துவிடுவார்கள்.