வாசகர் கேள்வி – பதில்: கார் நிற்கும் இடத்தில் தச்சுப் பட்டறை

கேள்வி: சுங்கை சிப்புட்டில் டெரஸ் வீடு. கார் நிறுத்தும் இடம் 10 அடிக்கு 18 அடி. பகலில் மகன் காரை எடுத்துப் போய்விடுவார். ஸ்டூல், அலமாரி, சாமி மாடம் செய்ய ஆசை. எந்த மேசை ரம்பம் வாங்கலாம்?

பதில்: இப்போதைக்கு வாங்கவேண்டாத சாமான் அதுதான். 8 அடி பிளைவுட்டை நீளவாக்கில் அறுக்க ரம்பத்துக்கு முன்னால் 8 அடி, பின்னால் 8 அடி, நடுவில் ரம்பம் 2 அடி. உங்கள் 18 அடி அதோடு தீர்ந்தது. நீங்கள் எங்கே நிற்பீர்கள்?

கையில் பிடிக்கும் 7¼ அங்குல வட்ட ரம்பமும் 40 பல் பிளேடும் போதும். தரையில் 2 அங்குல நுரைப்பலகையை விரித்து, அதன்மேல் பிளைவுட்டைப் போடுங்கள். நல்ல முகம் கீழே இருக்கட்டும். இந்த ரம்பத்தின் பல் கீழிருந்து மேலே ஏறுவதால் சிலும்பு மேல்முகத்தில்தான் வரும். பிளேடு, பலகையின் கனத்தைவிட 5 மில்லிமீட்டர் மட்டும் கூடுதலாக இறங்கினால் போதும். இரண்டு முனையில் மட்டும் முட்டுக்கொடுத்து அறுத்தால் பலகை நடுவில் தொய்யும். வெட்டு மூடிக்கொண்டு பிளேடைக் கவ்வும். ரம்பம் உங்களை நோக்கித் துள்ளும். நுரைப்பலகை முழு நீளத்துக்கும் தாங்குவதால் அந்த வம்பு இல்லை.

மிச்சப் பணத்தை வேலைமேசையில் போடுங்கள். 5 அடிக்கு 2 அடி போதும். 18 மில்லிமீட்டர் பிளைவுட் இரண்டைப் பசைபோட்டு ஒட்டி, அடியிலிருந்து 6 அங்குலத்துக்கு ஒரு திருகு. கையைத் தொங்கவிட்டு நின்றால் மணிக்கட்டு எங்கே வருகிறதோ அதுதான் உயரம். கால்வாய்ப் பக்கம் தரை சரிந்திருக்கும், அதனால் மேசை ஆடும். ஒவ்வொரு காலின் அடியிலும் 12 மில்லிமீட்டர் போல்ட்டு வைத்துத் திருகி மட்டம் பாருங்கள். தரையைக் கழுவும்போது கால்கள் தண்ணீரை உறிஞ்சாமல் இருக்கவும் அது உதவும். சக்கரம் மட்டும் வேண்டாம். இழைப்புளி தள்ளும்போது மேசையும் கூடவே வரும்.

மின்விசிறி வெளிப்பக்கம் பார்த்து ஓடட்டும், பக்கத்து வீட்டுக் கொடியில் துணி காயாத நேரமாகப் பார்த்து. என்95 முகக்கவசம் கட்டாயம். மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995லேயே வகைப்படுத்திவிட்டது. துடைப்பத்தால் கூட்டினால் நுண்தூள் மறுபடி எழும்பும், வேக்குவம்தான் சரி.

கேள்வி: ரம்பத்தைப் போட்டால் விளக்கு மங்குகிறது, எக்ஸ்டென்ஷன் வயர் சுடுகிறது. ரம்பம் பழுதா?

பதில்: வயரைப் பாருங்கள். 1,500 வாட் ரம்பம் ஓடும்போது ஏறக்குறைய 6.5 ஆம்பியர் இழுக்கும். கிளம்பும் நொடியில் அதைவிடப் பல மடங்கு. விளக்குக்கு வாங்கிய மெல்லிய வயர் இதைத் தாங்காது, 1.5 சதுர மில்லிமீட்டர் கம்பியாவது வேண்டும். சுருளில் இருந்தால் முழுக்க அவிழ்த்துவிட்டுத்தான் ஓட்டவேண்டும்; சுற்றிய வயரில் சூடு வெளியேற வழியில்லாமல் உறை உருகும். விளக்கு மங்குகிறது என்றால், வெளியே உள்ள பிளக் விளக்குக்கான லைனிலிருந்தே எடுத்ததாக இருக்கலாம். பதிவுபெற்ற வயரிங்காரரை வைத்து 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பியில் தனி லைன், 20 ஆம்பியர் பிரேக்கர், மின்சாரம் கசிந்தால் உடனே லைனைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் கசிவுப் பாதுகாப்பு போடச் சொல்லுங்கள். மழைச் சாரல் அடிக்கும் இடத்தில் கடைசியாகச் சொன்னதுதான் உயிரைக் காக்கும்.

கேள்வி: தோட்டத்தில் மறுநடவுக்காகப் பழைய ரப்பர் மரங்களைச் சாய்க்கிறார்கள். இரண்டு கட்டை கொண்டுவந்து பலகை அறுக்கலாமா?

பதில்: அறுக்கலாம், ஆனால் சாமானாக நிலைக்காது. ரப்பர் மரத்தில் மாவுச்சத்து அதிகம். சில நாளிலேயே நீலப்பூசணம் ஏறும், பிறகு உளு, அதாவது மரத்தைத் துளைக்கும் வண்டு, விழும். மேலே வார்னிஷ் அடித்துத் தப்ப முடியாது. உள்ளே போன முட்டை உள்ளேயே பொரிக்கும். தொழிற்சாலையில் அறுத்த கையோடு போரான் உப்புக் கரைசலை அழுத்தம் கொடுத்து மரத்துக்குள் செலுத்தி, சூளையில் உலர்த்துகிறார்கள். அப்படிப் பதப்படுத்திய ரப்பர் மரத் துண்டுகளை ஒட்டிச் செய்த பலகையைக் கடையில் வாங்குங்கள். அந்தக் கட்டைகளில் உளி பிடித்துப் பழகலாம். ஆனால் இரவில் உங்கள் பலகைகளோடு சேர்த்து அடுக்கிவைக்காதீர்கள்.