வண்டிக்குள் சமையலறையும் குளியலறையும்: கூடுதல் பணம் கொடுக்கலாமா?

கேள்வி: எனக்கு 56 வயது, கணவருக்கு 59. இன்னும் மூன்று ஆண்டுகளில் இருவரும் ஓய்வு பெறுகிறோம். அதற்கு முன்பே பழைய மோட்டார்ஹோம் ஒன்று வாங்கிவிட நினைத்து, இரண்டு வண்டிகளைப் பார்த்து வைத்திருக்கிறோம். முதல் வண்டியில் கட்டில், மேசை, அலமாரி மட்டும்தான். இரண்டாவதில் அடுப்பு, சிங்க், ஃபிரிட்ஜ், அப்புறம் கழிப்பறையும் ஷவரும் சேர்ந்த ஒரு சின்னக் குளியலறை என எல்லாம் பொருத்தியிருக்கிறார்கள். விலை முதல் வண்டியைவிட மூன்றில் ஒரு பங்கு அதிகம். அந்தக் கூடுதல் தொகைக்குக் கடன்தான் வாங்க வேண்டும். இப்போதைக்கு வருடத்துக்கு 30 இரவுகள் வெளியே தங்குவோம். ஓய்வு பெற்ற பிறகு 100 இரவுகளாவது போக ஆசை. “கேம்ப்சைட்டிலேயே எல்லாம் இருக்கிறதே, வண்டிக்குள் எதற்கு?” என்கிறார் கணவர். எனக்கு இரவில் இரண்டு முறையாவது எழுந்திருக்க வேண்டியிருக்கிறது. இருட்டில் வெளியே நடக்கப் பயமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் கடிதத்தின் கடைசி வரிகளை எடுத்துக்கொண்டே தொடங்குகிறேன். இரவில் இரண்டு முறை எழுந்திருக்கும் ஒருவருக்கு, கழிப்பறை இல்லாத வண்டியை வாங்கச் சொல்ல எனக்கு மனமில்லை. பயணம் போன இடத்தில் தூக்கமும் நிம்மதியும் இல்லையென்றால், ஆறு மாதத்தில் வண்டி ஓரமாக நின்றுவிடும். ஓடாமல் நிற்கும் வண்டியைவிடச் செலவு வைக்கும் பொருள் வேறில்லை. ஆகவே கழிப்பறை வேண்டும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் உங்களிடம் விற்கப் பார்ப்பது கழிப்பறையை மட்டும் அல்ல. கழிப்பறை, ஷவர், அடுப்பு, ஃபிரிட்ஜ் நான்கையும் ‘முழு வசதி’ என்ற ஒரே சொல்லில் கட்டி, ஒரே விலை சொல்கிறார்கள். இந்த நான்கும் ஒன்றல்ல. ஒவ்வொன்றும் எத்தனை நாள் பயன்படும், எவ்வளவு இடத்தையும் எடையையும் பிடிக்கும், எவ்வளவு பராமரிப்பு கேட்கும் என்பது தனித்தனிக் கணக்கு. கட்டைப் பிரித்துப் பார்த்தால்தான் பதில் கிடைக்கும்.

முதலில் மொத்தத் தொகைக்கு ஒரு கணக்கு போடுவோம். நீங்கள் கொடுக்கப்போகும் கூடுதல் விலையை 100 பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டு வருடம் கழித்து விற்கும்போது, வசதிகள் இருப்பதால் அதில் 40 பங்கு திரும்பக் கிடைக்கிறது என்று வைப்போம். மீதி 60 பங்கு தேய்மானம், அதாவது வருடத்துக்கு ஏழரை. பம்ப், குழாய், ரப்பர் சீல், கேஸ் சோதனை போன்ற பராமரிப்புக்கு வருடம் 2 பங்கு. முடங்கிக் கிடக்கும் பணத்தின் சராசரி 70 பங்கு. அதை வைப்புநிதியில் போட்டிருந்தால் 5 சதவீதத்தில் வந்திருக்கக்கூடிய வட்டி மூன்றரைப் பங்கு. எல்லாம் சேர்த்தால் வருடத்துக்கு 13 பங்கு. இவை நான் எடுத்துக்கொண்ட எண்கள்தான். உங்கள் எண்களைப் போட்டுத் திரும்பக் கணக்கிடுங்கள், வழிமுறை மாறாது.

இந்த 13 பங்கை 30 இரவுகளுக்குப் பிரித்தால், கூடுதல் விலையில் ஏறத்தாழ 230-இல் ஒரு பங்கு ஒவ்வொரு இரவுக்கும் செலவாகிறது. 100 இரவுகள் தங்கினால் அது 770-இல் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. கடன் வாங்கி, அதன் வட்டி 10 சதவீதமாக இருந்தால் 13 என்பது பதினாறரை ஆகும். அப்போது 30 இரவுக் கணக்கில் ஓர் இரவின் செலவு 180-இல் ஒரு பங்குக்கு ஏறிவிடும். கால்குலேட்டரை எடுத்து, விற்பவர் சொன்ன கூடுதல் தொகையை 230-ஆல் (கடன் வாங்கினால் 180-ஆல்) வகுத்துப் பாருங்கள். வசதிகள் உள்ள கேம்ப்சைட்டுக்கும் வெறும் நிறுத்துமிடத்துக்கும் ஓர் இரவு வாடகையில் உள்ள வித்தியாசத்தோடு, வெளியே சாப்பிடாமல் மிச்சமாகும் பணத்தையும் கூட்டுங்கள். முதல் தொகை இரண்டாவதைவிடப் பெரியதாக இருந்தால், அந்த 30 இரவுகளுக்கு இந்த வசதிகள் பண லாபம் தரவில்லை என்று பொருள்.

இங்கேதான் உங்கள் கணவர் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. ஒவ்வொரு இரவும் எல்லா வசதியும் உள்ள கேம்ப்சைட்டிலேயே தங்கினால், ஒரே குளியலறைக்கு இரண்டு இடத்தில் பணம் கட்டுகிறீர்கள். வண்டிக்குள் இருக்கும் குளியலறை சம்பாதித்துத் தருவது, வசதி இல்லாத இடத்தில் நீங்கள் தங்கும் இரவுகளில் மட்டும்தான். அதனால் ‘வருடத்துக்கு எத்தனை இரவு’ என்பதோடு நிறுத்தாமல், ‘அதில் எத்தனை இரவு எங்கே’ என்றும் இருவரும் உட்கார்ந்து பேசுங்கள். காட்டோரம், கடலோரம், நண்பர் வீட்டு வாசல், நெடுஞ்சாலை ஓய்விடம் என்று திட்டமிருந்தால் கணக்கு ஒரு பக்கம் சாயும். கேம்ப்சைட் மட்டும்தான் என்றால் மறுபக்கம்.

கழிப்பறைக்கு வருகிறேன். இப்படிப்பட்ட வண்டிகளில் பெரும்பாலும் இருப்பது கேசட் டாய்லெட். அடியில் 17 முதல் 20 லிட்டர் கொள்ளும் ஒரு பெட்டி இருக்கும், வெளிக்கதவு வழியாக இழுத்து எடுத்துக் காலி செய்யலாம். இரண்டு பேருக்கு இரண்டு, மூன்று நாளில் நிரம்பிவிடும். அதைத் தூக்கிப் போய்க் கொட்டும் வேலை யாருடையது என்பதை வாங்குவதற்கு முன்பே பேசி முடித்துவிடுவது நல்லது. இடம் குறைவாக எடுக்கும், தண்ணீரும் சொற்பம்தான் கேட்கும். சில இடங்களில் தங்கும் உரிமையே இதைப் பொறுத்திருக்கிறது. நியூசிலாந்தில் 2023-இல் வந்த சட்டப்படி, ‘தன்னிறைவு வண்டி’ (தனக்கு வேண்டிய தண்ணீரையும் தன் கழிவையும் தானே வைத்துக்கொள்ளும் வண்டி) என்ற சான்றிதழ் பெற, கழிப்பறை வண்டியோடு நிலையாகப் பொருத்தப்பட்டிருக்க வேண்டும். எடுத்து வைக்கும் போர்ட்டபிள் டாய்லெட் அங்கே கணக்கில் சேராது. அந்தச் சான்றிதழ் இல்லாவிட்டால் அங்கே பல பொது இடங்களில் இரவு தங்க முடியாது. இப்படிப்பட்ட விதி உள்ள ஊர்களுக்குப் போகிறவர்களுக்குக் கழிப்பறை தன் விலையைத் தானே மீட்டுக்கொடுக்கும்.

அந்த மாதிரி விதி இல்லாத இடத்தில், இருக்கைக்கு அடியில் தள்ளி வைக்கும் போர்ட்டபிள் டாய்லெட்டே உங்கள் இரவுப் பிரச்சினையைத் தீர்த்துவிடும். அதன் விலை, பொருத்திய குளியலறையின் விலையில் மிகச் சிறிய பகுதிதான். முதல் வண்டியை ஒதுக்கும் முன் இதையும் நினைத்துப் பாருங்கள்.

ஷவர் விஷயத்தில் நான் கொஞ்சம் கறாராகவே சொல்வேன். நானும் மனைவியும் ஒருமுறை முழு வசதியுள்ள வண்டியை 12 நாள் வாடகைக்கு எடுத்தோம். ஷவரைப் பயன்படுத்தியது இரண்டே முறை. மற்ற நாளெல்லாம் அங்கே ஈரத் துணியும் செருப்பும்தான் இருந்தன. கழிப்பறையை மட்டும் தினமும் பயன்படுத்தினோம். எங்கள் அனுபவம் உங்களுடையதாக இருக்க வேண்டியதில்லை, ஆனால் தண்ணீர்க் கணக்கு எல்லோருக்கும் பொது. 100 லிட்டர் தொட்டி என்று வையுங்கள். குடிக்க, சமைக்க, பாத்திரம் கழுவ, முகம் கழுவ இரண்டு பேருக்கு ஒரு நாளைக்கு 20 லிட்டர் போதும். ஐந்து நாள் தாங்கும். தண்ணீரை நிறுத்தி நிறுத்திச் சிக்கனமாகக் குளித்தாலும் ஆளுக்கு 10 லிட்டர் ஆகும். உடனே ஒரு நாள் செலவு 40 லிட்டராகி, தொட்டி இரண்டரை நாளில் காலி. கழிவுநீர்த் தொட்டியும் அதே வேகத்தில் நிரம்பும். வசதியில்லாத இடத்தில் அதிக நாள் தங்கத்தான் இத்தனை பணம் கொடுக்கிறோம். அந்த நாட்களை ஷவர் பாதியாகக் குறைத்துவிடுகிறது.

இன்னொன்று, வண்டியின் மதிப்பைத் தின்னும் முதல் எதிரி ஈரம். குளியலறை மூலையில் சிலிக்கான் பூச்சு ஒரு மயிரிழை விட்டாலும் தண்ணீர் சுவருக்குள் இறங்கி மரத்தை உளுக்க வைக்கும். பல மாதம் கழித்துத்தான் தெரியும். பழைய வண்டி வாங்குகிறவர்கள் இதை மறக்கவே கூடாது. குளிர் உறைநிலைக்குப் போகும் ஊர் என்றால், குழாயில் இருக்கும் தண்ணீரை ஒவ்வொரு குளிர்காலத்துக்கும் முன்னால் முழுவதும் வடிக்க வேண்டும். ஒரு வருடம் மறந்தால் தண்ணீர் உறைந்து விரிந்து பம்பிலும் வெந்நீர் ஹீட்டரிலும் வெடிப்பு விழுந்துவிடலாம்.

சமையலறையைப் பொறுத்தவரை எனக்குத் தாராள மனசு. வெளியே சாப்பிடுவதற்கும் வண்டியில் சமைப்பதற்கும் உள்ள வித்தியாசம் ஒரு நாளைக்கு மூன்று வேளை மிச்சமாகிறது. கேம்ப்சைட்டில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது மிச்சம்தான். அதிலும் ஃபிரிட்ஜ்தான் நிஜமான சேமிப்பு. இரண்டு நாளுக்கு வாங்கிய காய்கறியும் பாலும் கெடாமல் இருந்தால்தான் சமைக்கவே தோன்றும். இரண்டு பர்னர் அடுப்பு, ஒரு சிங்க், ஒரு ஃபிரிட்ஜ் போதும். ஓவன், மைக்ரோவேவ் என்று ஏறும் விலைக்கு நான் பதில் சொல்ல மாட்டேன்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் வாகன விதியில் ஒரு வண்டியை மோட்டார் கேரவன் (அதாவது மோட்டார்ஹோம்) என்று வகைப்படுத்த, இருக்கையும் மேசையும், படுக்கை, சமையல் வசதி, பொருள் வைக்கும் இடம் ஆகியவை வேண்டும். சமையல் வசதி நிலையாகப் பொருத்தப்பட்டிருக்க வேண்டும். கழிப்பறையும் ஷவரும் அந்தப் பட்டியலில் இல்லை! வண்டி எந்த வகையில் பதிவாகியிருக்கிறது என்பதைப் பொறுத்துக் காப்பீடும் வரியும் மாறக்கூடும். முதல் வண்டியில் அடுப்பு இல்லை என்கிறீர்கள். அது உங்கள் ஊரில் எந்த வகையாகப் பதிவாகும், காப்பீட்டு நிறுவனம் அதை எப்படிப் பார்க்கும் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கேஸ் அடுப்பு என்றால் ஒரு கிலோ கேஸ் எரியும்போது ஏறத்தாழ 1.6 கிலோ நீராவி உண்டாகும். சின்ன அறைக்குள் அது ஜன்னலிலும் மெத்தையிலும் படியும். நல்ல வானிலையில் வெளியே வைத்துச் சமைக்க ஒரு சின்ன அடுப்பு தனியாக இருந்தால் வண்டியின் ஆயுள் கூடும். உள்ளே சமைக்கும்போது காற்றோட்டமும் கார்பன் மோனாக்சைடு அலாரமும் கட்டாயம். ‘கேஸே வேண்டாம், பிறகு இண்டக்‌ஷன் போட்டுக்கொள்ளலாம்’ என்று யாராவது சொன்னால் அவசரப்படாதீர்கள். ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க 0.1 யூனிட் மின்சாரம்தான் ஆகும், அது பெரிதல்ல. ஆனால் 1,800 வாட் அடுப்பு 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 150 ஆம்பியர் இழுக்கும். அதைத் தாங்கும் இன்வெர்ட்டரும் லித்தியம் பேட்டரியும் தடிமனான வயரும் சேர்ந்தால், அடுப்பின் விலை அதில் காணாமல் போய்விடும்.

எடையையும் பாருங்கள். 100 லிட்டர் தண்ணீர் 100 கிலோ. சாதாரண கார் உரிமத்தில் ஓட்டக்கூடிய எடை பல நாடுகளில் 3,500 கிலோவோடு முடிகிறது. முழு வசதியுள்ள வண்டிகள் காலியாக இருக்கும்போதே அந்த எல்லைக்குப் பக்கத்தில் நிற்பது சாதாரணம். நீங்கள் இருவரும், துணிமணியும், தொட்டி நிறையத் தண்ணீரும் ஏறிய பிறகு எல்லை தாண்டினால் அபராதம் ஒரு பக்கம், விபத்து நேர்ந்தால் காப்பீட்டுச் சிக்கல் மறுபக்கம். பேசி முடிக்கும் முன் எடை மேடையில் ஏற்றிப் பார்த்துவிடுங்கள்.

மறுவிற்பனையில் முழு வசதிக்கு ஓர் ஆதாயம் உண்டு. வாங்க வருகிறவர்கள் கூட்டம் பெரியது. கடன், வரி விஷயத்திலும் சில நாடுகளில் வித்தியாசம் இருக்கிறது. அமெரிக்காவில் தூங்க, சமைக்க, கழிப்பறை என்று மூன்றும் உள்ள வண்டியை வரிக் கணக்கில் இரண்டாவது வீடாகக் கொள்ள வழியுண்டு, நிபந்தனைகளுக்கு உட்பட்டு அதன் கடன் வட்டிக்குக் கழிவும் கேட்கலாம். உங்கள் ஊரில் அப்படி ஏதாவது இருக்கிறதா என்று வரி ஆலோசகரைக் கேளுங்கள். அங்கேயும் பட்டியலில் கழிப்பறைதான் இருக்கிறது, ஷவர் இல்லை.

சரி, உங்கள் முடிவுக்கு வருவோம். இந்த வண்டிக்காகக் கடன் வாங்காதீர்கள். ஓய்வு பெற மூன்றே வருடம் இருக்கும்போது, வருடா வருடம் மதிப்பு குறையும் ஒரு பொருளுக்கு மாதத் தவணை கட்டிக்கொண்டு ஓய்வுக் காலத்துக்குள் நுழைவது எனக்குப் பிடிக்கவில்லை. அந்தத் தவணையை இப்போதே கட்டுவது போல மாதாமாதம் தனிக் கணக்கில் போட்டு வாருங்கள். இந்த மூன்று வருட 30 இரவுகளில் சிலவற்றை வாடகை வண்டியில் கழியுங்கள், ஒரு முறையாவது முழு வசதியுள்ள வண்டியில் இரண்டு வாரம். ஒரு சின்ன நோட்டில் தினமும் குறித்து வையுங்கள்: ஷவர் எத்தனை முறை, அடுப்பு எத்தனை முறை, எந்த இரவு எங்கே தங்கினோம். ஓய்வு பெறும்போது கையில் பணமும் இருக்கும், உங்கள் சொந்த எண்களும் இருக்கும்.

இப்போதே வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் மூன்றாவது வண்டி ஒன்றைத் தேடுங்கள். எளிய பொருத்திய அடுப்பு, ஃபிரிட்ஜ், கேசட் டாய்லெட் இருக்க வேண்டும், தனி ஷவர் அறை வேண்டாம். பின்கதவுப் பக்கம் வெளியே நின்று குளிக்க ஒரு கைக்குழாய் இருந்தால் போதும். இரண்டாவது வண்டியைவிட வயதில் கொஞ்சம் மூத்ததாக இருந்தாலும் பரவாயில்லை, கடன் இல்லாமல் வாங்க முடிகிறதா என்பதுதான் முக்கியம்.

எந்த வண்டியைப் பார்க்கப் போனாலும், ஃபிரிட்ஜை முந்தைய நாள் இரவே போட்டு வைக்கச் சொல்லுங்கள். கேஸில் ஓடும் ஃபிரிட்ஜ் குளிர்ச்சி அடையப் பல மணி நேரம் எடுக்கும். தண்ணீர்த் தொட்டியை நிரப்பச் சொல்லி, பம்பைப் போட்டு, எல்லாக் குழாயையும் மூடிவிட்டு அரை மணி நேரம் பேசாமல் உள்ளே உட்காருங்கள். குழாய் எதுவும் திறக்காமலேயே பம்ப் தானாக ஒரு கணம் ஓடி நின்றால், எங்கோ கசிகிறது. சுவரையும் தரையையும் ஈரமானி வைத்துச் சோதிக்கும் வரை விலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதீர்கள்.