மசாய் மாராவில் விலங்குகளைப் படம் எடுத்தல்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

டான்சானியாவின் செரெங்கெட்டியிலிருந்து வில்டபீஸ்ட் எனும் பெரிய மான் வகை விலங்கின் மந்தைகள் கென்யாவின் மசாய் மாரா காப்பகத்துக்கு வந்து தங்கும் ஜூலை முதல் அக்டோபர் வரையிலான பருவத்தில், அங்கே செல்லத் திட்டமிட்டிருக்கும் வாசகர்கள் பலர் எழுதியிருந்தார்கள். பலருக்கும் பயன்படக்கூடிய ஐந்து கேள்விகளை எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: என்னிடம் 70-300 மி.மீ. லென்ஸ் மட்டுமே இருக்கிறது. 600 மி.மீ. இல்லாமல் போனால் பயணம் வீணாகிவிடுமா?

வீணாகாது. மாரா பெரும்பாலும் திறந்த புல்வெளி. அங்குள்ள சிங்கங்கள் வண்டிகளுக்குப் பழகியவை என்பதால், 300 மி.மீ. லென்ஸுக்குப் போதுமான தொலைவிலேயே அவற்றைப் பல வேளைகளில் காணலாம். பறவைகளுக்கும், தொலைவில் மரக்கிளையில் படுத்திருக்கும் சிறுத்தைக்கும் தொலைவிலுள்ளதைப் பெரிதாக்கிக் காட்டும், மி.மீ. எண் கூடிய நீண்ட லென்ஸ் தேவைதான். வாடகைக்கு எடுப்பதாக இருந்தால் பயணத்துக்கு இரண்டு வாரம் முன்பே எடுத்து, உங்கள் தெருவில் பறக்கும் காக்கைகளையும் ஓடும் நாய்களையும் படம் எடுத்துக் கை பழக்குங்கள். படச்சட்டம் முழுவதும் விலங்கே நிறைந்த படத்தைவிட, பரந்த வானத்தின் கீழ் ஒற்றை யானை சிறியதாக நடந்துபோகும் படமே மாராவைச் சரியாகக் காட்டுகிறது என்பது என் எண்ணம். அதற்கு 70 மி.மீ. போதும்.

கேள்வி: சென்ற ஆண்டு வண்டியிலிருந்து எடுத்த படங்கள், ஷட்டர் வேகத்தை 1/1000 நொடியில் வைத்திருந்தும், மங்கலாகவே வந்தன. தவறு எங்கே?

படங்களை நேரவாரியாகப் பிரித்துப் பாருங்கள். காலையில் எடுத்தவை தெளிவாகவும், பத்து மணிக்கு மேல் எடுத்தவை மங்கலாகவும் இருந்தால், காரணம் வெயிலில் சூடேறிய நிலத்திலிருந்து எழும் கானல். தொலைவிலுள்ள விலங்கின் விளிம்புகளை அது கலைத்துவிடும். எவ்வளவு விலையுயர்ந்த லென்ஸாலும் அதை வெல்ல முடியாது. நடுப்பகலில் அருகிலுள்ள விலங்குகளை மட்டும் எடுக்கலாம், அல்லது கேமராவை வைத்துவிட்டு அவற்றைக் கண்ணால் பார்க்கலாம். மாரா நிலநடுக்கோட்டுக்கு மிக அருகில் இருப்பதால் சூரியன் ஏறக்குறைய நேர்மேலாக எழுகிறது. நம் ஊர் மார்கழிக் காலையைப் போல இளவெயில் நெடுநேரம் நீடிப்பதில்லை. ஆகவே காப்பகத்தின் நுழைவாயில் திறக்கும் ஆறு மணிக்கு முன்பே அங்கே காத்திருக்க வேண்டும்.

எல்லா நேரத்துப் படங்களும் மங்கலாக இருந்தால், வண்டியின் அதிர்வைச் சந்தேகியுங்கள். எஞ்சினை நிறுத்தச் சொல்லுங்கள். உடன் இருப்பவர்களையும் சில நொடிகள் அசையாமல் இருக்கும்படி வேண்டிக்கொள்ளுங்கள். நெருக்கமான வண்டிக்குள் முக்காலியை விரிக்க இடமிருக்காது. தானியம் நிரப்பிய துணிப்பை ஒன்றைச் சன்னல் விளிம்பில் வைத்து அதன்மேல் லென்ஸைக் கிடத்துவதே சிறந்த வழி. பையை வெறுமையாக எடுத்துச் சென்று, நைரோபியிலிருந்து போகும் வழியில் நாரோக் ஊரில் அரிசியோ பயறோ வாங்கி நிரப்பிக்கொள்ளுங்கள். ஊர் திரும்பும்போது தானியத்தை யாருக்கேனும் கொடுத்துவிடலாம்.

கேள்வி: ஓட்டுநருக்குக் கூடுதல் பணம் கொடுத்தால் சிவிங்கிப்புலிக்கு மிக அருகில் கொண்டுபோவார் என்கிறார்கள். கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். சிங்கத்துக்கும் கழுதைப்புலிக்கும் இரையைப் பறிகொடுக்காமல் இருக்கவே சிவிங்கிப்புலி பெரும்பாலும் பகலில் வேட்டையாடுகிறது. நம் வண்டிகளும் அதே நேரத்தில்தான் அதைச் சூழ்ந்து நிற்கின்றன. மாராவில் செய்யப்பட்டு 2018இல் வெளியான ஓர் ஆய்வின்படி, சுற்றுலா மிகுந்த பகுதிகளில் வாழும் தாய்கள் ஓர் ஈற்றுக்குச் சராசரியாக 0.2 குட்டிகளையே தனித்து வாழும் பருவம்வரை வளர்த்தெடுத்தன. சுற்றுலா குறைந்த பகுதிகளில் அது 2.3 ஆக இருந்தது. இந்த இரண்டு எண்களையும் படித்த பிறகு, ஐந்தாவது வண்டியாகப் போய் நிற்க என் மனம் ஒப்பவில்லை.

விலங்கு தன் வேலையை விட்டுவிட்டு உங்களையே பார்க்கத் தொடங்கினால், குட்டியை நக்குவதை நிறுத்தினால், எழுந்து இடம் மாறினால், நீங்கள் எல்லை கடந்துவிட்டீர்கள். வண்டியைப் பின்னால் எடுக்கச் சொல்லுங்கள். பொறுத்திருந்தால் அது தன் போக்கில் நடந்து, நீங்கள் தேடிப்போயிருக்க முடியாத ஒளியில் வந்து நிற்பதும் உண்டு.

கேள்வி: மாரா ஆற்றை மந்தை கடக்கும் காட்சிக்கு எங்கே, எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும்?

யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. கரையில் கூடிய மந்தை அரை நாள் நின்றுவிட்டுத் திரும்பிப்போவதும் உண்டு. விலங்குகள் இறங்கும் வழியையோ ஏறும் வழியையோ வண்டிகள் மறித்தால் அவை மிரண்டு, மேலும் ஆபத்தான சரிவில் குதிக்கும். ஆகவே முதல் சில விலங்குகள் நீரில் இறங்கும்வரை கரையிலிருந்து நன்கு விலகி நிற்பதுதான் முறை. பாய்ச்சலை உறையவைக்க ஷட்டர் வேகம் 1/1600 நொடி, ஓட்டத்தைக் கோடுகளாக இழுத்துக் காட்ட 1/30 நொடி. கரிய உடல்கள் படச்சட்டத்தை நிரப்பும்போது கேமரா படத்தை வெளிற வைத்துவிடும் என்பதால், எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் ஒளியின் அளவை, மூன்றில் இரண்டு ஸ்டாப் (கேமராவில் -0.7) குறைத்து வையுங்கள்.

கேள்வி: புழுதியிலிருந்து கேமராவைக் காக்க பிளாஸ்டிக் பைகள் எடுத்துச் செல்லலாமா?

கூடாது. கென்யா 2017 ஆகஸ்டிலிருந்து பிளாஸ்டிக் பைகளைத் தடைசெய்திருக்கிறது. தலையணை உறை ஒன்று போதும். வண்டி ஓடும்போது லென்ஸைக் கழற்றாதீர்கள். நைரோபியிலிருந்து சிறு விமானத்தில் போவதாக இருந்தால், பொதுவாகக் கைப்பையும் சேர்த்து 15 கிலோதான் அனுமதிப்பார்கள். பெட்டியைத் தவிர்த்து மடங்கும் துணிப்பையில் பொருள்களை அடுக்குங்கள். அங்குள்ள மின்செருகி இங்கிலாந்தில் இருப்பதைப் போன்ற மூன்று செவ்வக முனை வகை என்பதால், பேட்டரிக்கு மின்னேற்ற அதற்கான அடாப்டரையும் மறவாமல் எடுத்து வையுங்கள்.