ஆறு மாதம் ஆனதும் தாய்ப்பாலை நிறுத்த வேண்டுமா?

கேள்வி: எனக்கு எச்ஐவி இருக்கிறது. கர்ப்பமாவதற்கு முன்பிருந்தே எச்ஐவியை அடக்கும் ஏஆர்டி மாத்திரை தவறாமல் சாப்பிடுகிறேன். இரத்தத்தில் வைரஸ் எவ்வளவு என்று பார்க்கும் வைரல் லோடு பரிசோதனையில், கடைசியாக, வைரஸ் தெரியவில்லை என்று வந்தது. குழந்தைக்கு ஐந்தரை மாதம். இதுவரை தாய்ப்பால் மட்டும்தான். ஆறாவது வாரப் பரிசோதனையில் குழந்தைக்குத் தொற்று இல்லை. ஆறு மாதம் முடிந்த அன்றே தாய்ப்பாலை நிறுத்திப் பவுடர் பாலுக்கு மாறிவிடு என்கிறார் என் அக்கா. போன மாதம் குழந்தையின் எடையும் ஏறவில்லை. என்ன செய்யட்டும்?

பதில்: எழுதியிருப்பதைப் பார்த்தால், நிறுத்த வேண்டிய காரணம் எதுவும் இல்லை. மாத்திரை ஒழுங்காகப் போகும் வரை பாலும் போகட்டும். ஆறு மாதம் முடிந்ததும் பாலோடு கெட்டியான உணவைச் சேர்க்கத் தொடங்குங்கள், அவ்வளவுதான்.

உங்கள் அக்கா கதை கட்டவில்லை. பாலூட்டும் தாய்மார்களுக்கு மாத்திரை சரிவரக் கிடைக்காத காலத்தில் மருத்துவமனைகளில் சொல்லப்பட்டதும் அதுதான். அது பலன் தரவில்லை. சாம்பியாவில் நான்கு மாதத்தில் சட்டென்று பால் நிறுத்திப் பார்த்த ஆய்வின் முடிவு 2008-ல் வந்தது: தொற்றில்லாமல் பிழைத்திருப்பதில் அந்தக் குழந்தைகளுக்குக் கூடுதல் லாபம் எதுவும் இல்லை. அதற்கு முன்பே, 2006-ல் போட்ஸ்வானாவில் பெருமழைக்குப் பின் வயிற்றுப்போக்கு பரவியபோது மிக மோசமாகப் பாதிக்கப்பட்டவை ஃபார்முலா, அதாவது பவுடர் பால், குடித்த குழந்தைகள். உலக சுகாதார நிறுவனம் 2010-ல் 12 மாதம் வரை பாலூட்டலாம் என்றது. 2016-ல், தாய் மாத்திரையைத் தொடர்ந்தால் 24 மாதமோ அதற்கு மேலுமோ கொடுக்கலாம் என்றது.

ஆபத்தே இல்லையா என்றால், இருக்கிறது, ஆனால் மிகச் சிறியது. சிகிச்சை எதுவும் இல்லாவிட்டால் பாலின் வழியே 100 குழந்தைகளில் 5 முதல் 20 குழந்தைகளுக்குத் தொற்றலாம். வைரஸ் முழுதாக அடங்கிய தாயிடம் அது ஒரு சதவீதத்துக்கும் கீழே போய்விடுகிறது. அந்தச் சிறு ஆபத்தும் வேண்டாம் என்று ஃபார்முலாவைத் தேர்ந்தெடுப்பவர்கள் இருக்கிறார்கள். அது அவர்கள் உரிமை. ஆனால் அதற்கு நம்பகமான தண்ணீரும், தடைபடாத பணவசதியும், இராத்திரியிலும் அடுப்பு மூட்டும் பொறுமையும் வேண்டும். தண்ணீரைக் கொதிக்கவைத்து, சூடு 70 டிகிரிக்குக் கீழே இறங்குவதற்குள் பவுடரைக் கலக்க வேண்டும். ஆறவைத்துக் கொடுத்தபின் மிச்சத்தை இரண்டு மணி நேரத்துக்குள் கொட்டிவிட வேண்டும். நான் அதிகம் பார்ப்பது வேறொரு தப்பு: டப்பா மாதக்கடைசி வரை வரட்டும் என்று ஒரு கரண்டி பவுடரைக் குறைத்துப் போடுவது. குழந்தையின் வயிறு நிறையும், எடை ஏறாது.

ஆறு மாதம் முடியும் வரை தண்ணீர்கூட வேண்டாம். யாராவது நடுவில் ஒருநாள் ஃபார்முலா கொடுத்துவிட்டால் பதறாதீர்கள். அதற்காகத் தாய்ப்பாலை நிறுத்தவும் வேண்டாம், மறுபடி தாய்ப்பாலுக்கே திரும்புங்கள்.

அப்புறம் உணவு. கரண்டியைச் சாய்த்தால் வழிந்து ஓடாத அளவுக்குக் கெட்டியாக மசித்துக் கொடுங்கள். கஞ்சித் தண்ணீரில் சத்து கிடையாது. இரண்டு மூன்று மேசைக்கரண்டியில் ஆரம்பித்து, நாளுக்கு இரண்டு மூன்று வேளை. ஒன்பது மாதம் முதல் மூன்று நான்கு வேளை. தானியத்தை மட்டும் நம்பாமல் பருப்பு, முட்டை, இறைச்சி, காய், பழம் என்று மாற்றி மாற்றிச் சேருங்கள். ஒரு சிறு கரண்டி எண்ணெய் விட்டால் குறைந்த அளவிலேயே சக்தி கூடும். குழந்தைக்குப் பிறந்ததும் எச்ஐவி தொற்றாமல் இருக்க ஜிடோவுடின் சிரப் கொடுத்திருந்தால் இரும்புச்சத்தில் கூடுதல் கவனம் வேண்டும். அந்த மருந்து இரத்தசோகையைத் தரக்கூடியது. ஹீமோகுளோபின் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

எடை விஷயத்தைத்தான் நான் இலேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். எச்ஐவி உள்ள தாய்க்குப் பிறந்த குழந்தைகள், தொற்று இல்லாதபோதும், வளர்ச்சியில் சற்றுப் பின்தங்கலாம். எடை அட்டையில் ஒரு மாதம் கோடு மேலே ஏறாமல் படுத்துவிட்டால் டானிக் வாங்கப் போகாதீர்கள், இந்த வாரமே குழந்தையைக் காட்டுங்கள். வாய்க்குள் வெள்ளைப் படலம், காய்ச்சல், வயிற்றுப்போக்கு, மார்பைச் சரியாகக் கவ்வாதது என்று காரணம் சாதாரணமாகவும் இருக்கலாம். குழந்தைக்கு மறுபடி ஒரு வைரஸ் பரிசோதனை தேவையா என்பதையும் மருத்துவர் அப்போது முடிவு செய்வார். ஆறாவது வாரத்தில் தொற்று இல்லை என்று வந்தது அன்றைய நிலவரம் மட்டுமே. பாலூட்டும் வரை அது இறுதி முடிவு ஆகாது.

இன்னும் இரண்டு சந்தர்ப்பங்களிலும் உடனே மருத்துவரிடம் போங்கள். ஒன்று, மாத்திரை சில நாள் விட்டுப்போனால் அல்லது வைரல் லோடு ஏறினால். அப்போது குழந்தைக்கு நெவிரபின் தடுப்பு மருந்தை மறுபடி தொடங்க வேண்டிவரலாம்; அதுவரை பாலைப் பீச்சிச் சூடாக்கிக் கொடுக்கும் முறையையும் அவரே காட்டித்தருவார். இன்னொன்று, காம்பில் வெடித்து இரத்தம் வந்தால் அல்லது பால் கட்டிக்கொண்டு மார்பு சிவந்து வலித்தால். அந்தப் பக்கத்துப் பாலைப் பீச்சிக் கொட்டிவிட்டு, மறுபக்கம் கொடுங்கள்.

பின்னால் எப்போது நிறுத்தினாலும் ஒரு மாதம் எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு வேளையாகக் குறையுங்கள். சட்டென்று நிறுத்தினால் உங்களுக்குப் பால் கட்டும், குழந்தை சாப்பிடாமல் அடம்பிடிக்கும். நின்றபின் நாளுக்கு நான்கைந்து வேளை உணவும் ஒன்றிரண்டு கப் வேறு பாலும் தேவைப்படும். கடைசியாகப் பால் கொடுத்து மூன்று மாதம் கழித்துச் செய்யும் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். மற்ற கிருமித்தொற்றுகளைத் தடுக்கும் கோட்ரைமாக்சசோல் மருந்தைக் குழந்தைக்குக் கொடுத்து வந்தால் அந்த முடிவு கைக்கு வரும்வரை அதை நீங்களாக நிறுத்தக் கூடாது.