கட்டில் ஓரத்து ஆபீஸ்

கேள்வி: மூன்று வருஷமாக எனக்கு வீட்டிலிருந்தே வேலை. தினமும் போக வர இரண்டரை மணி நேரம் மிச்சம் என்று ஆரம்பத்தில் சந்தோஷமாக இருந்தது. இப்போது எரிச்சல்தான் மிஞ்சுகிறது. இரண்டு அறைகளில் ஒன்று அம்மாவுக்கு. மற்றதில் மேஜை, நல்ல நாற்காலி, இரண்டாவது மானிட்டர் எல்லாம் போட்டு, கதவைச் சாத்திக்கொண்டுதான் உட்காருகிறேன். அப்படியும் அம்மா நாளைக்குப் பத்து தடவை தட்டுகிறார். மீட்டிங்கில் வீடியோ உறைந்துபோகிறது. ராத்திரி ஒன்பது மணிக்கும் லேப்டாப்பை மூட முடிவதில்லை. கழுத்து வலி வேறு. மனைவிக்கும் வீட்டிலிருந்துதான் வேலை. ஹாலில் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சமாளித்துக்கொள்கிறாள். ஐந்து வயதுப் பையன் மதியம் வந்துவிட்டால் வீடே சந்தைதான். பேசாமல் ஐந்து நாளும் ஆபீஸுக்கே போய்விடலாமா?

பதில்: தம்பி, இதே மாதிரிக் கடிதங்கள் நிறைய வருகின்றன. ஆபீஸா வீடா என்பதைக் கடைசியில் பார்ப்போம். மேஜை, நாற்காலி, மானிட்டர், கதவு என்று உங்களுக்கு இருப்பதை எல்லாம் வரிசையாக எழுதிவிட்டு, மனைவிக்கு ஒரு கட்டில் ஓரத்தையும் ஒரு வினைச்சொல்லையும் கொடுத்திருக்கிறீர்கள். சமாளித்துக்கொள்கிறாள். அதை அவர் சொன்னாரா, நீங்களே முடிவு செய்துகொண்டீர்களா?

கட்டில் ஓரத்தில் எட்டு மணி நேரம் உட்கார்ந்தால் என்ன நடக்கும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். மெத்தை அமுங்கும். இடுப்பு முழங்காலைவிடக் கீழே இறங்கும். சாய்மானம் கிடையாது, அதனால் கீழ்முதுகு தன் இயல்பான வளைவை விட்டுக் கூனிப்போகும். லேப்டாப் மடியில் இருப்பதால் தலை தொங்கும். நாலரை, ஐந்து கிலோ எடையுள்ள தலை நிமிர்ந்திருக்கும்வரை பாரம் தெரியாது. முன்னால் சாயச் சாயக் கழுத்தின் பின்தசைதான் அதை இழுத்துப் பிடிக்க வேண்டும். லேப்டாப்புக்கும் கேடுதான். பல லேப்டாப்புகள் அடிப்பக்கத் துளை வழியாகத்தான் காற்றை இழுக்கின்றன. போர்வை அதை அடைத்தால் ஃபேன் இரையும், சூடு ஏறும், பிராசசர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். உங்கள் மனைவியின் லேப்டாப் "ரொம்ப ஸ்லோ" என்று எப்போதாவது காதில் விழுந்திருக்குமே?

கதவுக்கு வருவோம். உங்களுக்குப் பத்து தட்டு. கதவே இல்லாதவருக்கு எத்தனை? அவரிடம் யாரும் தட்டிவிட்டு வருவதில்லை, அதனால்தான் அது உங்கள் கணக்கில் ஏறவில்லை. காலிங் பெல், பார்சல், பையனின் பென்சில், அம்மாவின் மூக்குக்கண்ணாடி எல்லாம் நேராக ஹாலுக்குத்தான் போகும். சம்பளம் யாருக்கு அதிகம், பதவி யாருக்குப் பெரியது என்று பதில் கடிதம் போட வேண்டாம். இரண்டு பேரும் வேலைக்குப் போகிற வீட்டில் ஒரே கதவை ஒருவரே வைத்துக்கொள்வது எனக்கு நியாயமாகப் படவில்லை.

இன்று ராத்திரி இரண்டு பேருடைய காலண்டரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்காருங்கள். வாய் திறந்து பேச வேண்டிய மீட்டிங் யாருக்கோ, அந்த நேரத்தில் அறை அவருக்கு. காதால் கேட்டால் போதும் என்கிற மீட்டிங்கை ஹெட்ஃபோனோடு ஹாலில் முடிக்கலாம். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் பேச்சு என்றால், போன தடவை அறையில் இருந்தவர் இந்தத் தடவை வெளியே. மீட்டிங் இல்லாத நேரத்தை மதியத்துக்கு முன், பின் என்று பிரித்து வாரம் ஒருமுறை மாற்றிக்கொள்ளுங்கள்.

ஹாலில் உட்காரப் போகிறவர் நீங்களும்தான், அதனால் அங்கே ஒழுங்கான இடம் வேண்டும். சாப்பாட்டு மேஜை போதும், ஆனால் அப்படியே உட்காரக் கூடாது. அதன் உயரம் சுமார் 75 செ.மீ.; பலருக்கு டைப் செய்ய அது அதிகம். தோள் தூக்கிக்கொள்ளும், சாயங்காலம் வலிக்கும். முழங்கை மேஜை மட்டத்துக்கு வரும்வரை நாற்காலியில் கெட்டியான மெத்தை போட்டு உயர்த்துங்கள். கால் தரையைத் தொடாவிட்டால் காலடியில் ஒரு பலகை. லேப்டாப்புக்கு அடியில் 12 முதல் 15 செ.மீ. வரை புத்தகம் அடுக்குங்கள், திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்துக்கு வர வேண்டும். தூரம் ஒரு கை நீளம். ஜன்னல் பக்கவாட்டில் இருக்கட்டும். எதிரே இருந்தால் கண் கூசும், முதுகுக்குப் பின்னால் இருந்தால் திரையில் வெளிச்சம் அடிக்கும். தனி கீபோர்டும் மவுஸும் கட்டாயம். இதில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள்: லேப்டாப்பை மட்டும் உயர்த்திவிட்டு அதிலேயே தட்டினால், கழுத்து தப்பிக்கும், மணிக்கட்டு மாட்டிக்கொள்ளும்.

நல்ல நாற்காலி இருந்தும் உங்களுக்கு ஏன் கழுத்து வலி? இரண்டாவது மானிட்டர் பக்கவாட்டில் இருக்கிறதா பாருங்கள். நாள் முழுக்க அதைத்தான் பார்க்கிறீர்கள் என்றால் அதை நேர் எதிரே கொண்டுவந்து, லேப்டாப்பை ஓரம் தள்ளுங்கள். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நடங்கள். கையில் மரமரப்பு வந்தால் டாக்டரிடம் போங்கள்.

வீடியோ உறைவதற்குக் காரணம் பெரும்பாலும் ரூட்டருக்கும் உங்களுக்கும் நடுவில் இருக்கும் சுவர்தான். வைஃபையின் 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமானது, ஆனால் சுவரைத் தாண்டும்போது தளர்ந்துவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சுவரைத் தாண்டும். வேகம் குறைவு, நெரிசல் அதிகம், மைக்ரோவேவ் ஓடினால் அதுவும் குறுக்கே வரும். ரூட்டரிலிருந்து அறைக்கு ஒரு லேன் கேபிள் இழுத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. டவுன்லோட் வேகத்தை மட்டும் பார்க்காமல் அப்லோட் வேகத்தையும் பாருங்கள். போன்கள் பகலில் போட்டோக்களை கிளவுடுக்கு ஏற்றிக்கொண்டிருந்தால் மீட்டிங் திணறத்தான் செய்யும். அதை ராத்திரிக்கு மாற்றுங்கள்.

அம்மா தட்டுவதை இடைஞ்சல் பட்டியலில் சேர்த்தது எனக்குப் பிடிக்கவில்லை. நீங்கள் எப்போது வெளியே வருவீர்கள் என்று அவருக்குத் தெரியாது, அதனால் தட்டுகிறார். பதினோரு மணிக்கும் நாலு மணிக்கும் பத்துப் பத்து நிமிஷம் அவர் அறைக்குப் போய், போனை வெளியே வைத்துவிட்டு உட்காருங்கள். அந்த நேரத்தைப் பெரிய எழுத்தில் எழுதிக் கதவில் ஒட்டுங்கள். காலண்டரிலும் அடைத்துவையுங்கள், இல்லாவிட்டால் யாராவது மீட்டிங் போட்டுவிடுவார்கள். இரண்டு வாரம் தவறாமல் போனால் தட்டு குறையும். அப்புறமும் தட்டினால், ஏதோ அவசரம் என்று எழுந்து போங்கள்.

அந்த இரண்டரை மணி நேரம் எங்கே போனது? 1973-ல் அமெரிக்கரான ஜாக் நில்ஸ், ஆபீஸுக்குப் போகாமல் தூரத்திலிருந்தே வேலை செய்வதற்கு 'டெலிகம்யூட்டிங்' என்ற சொல்லைக் கொண்டுவந்தபோது, பயணத்தை மிச்சம் பிடிப்பதுதான் யோசனை. மிச்சம் பிடித்ததை நீங்கள் ஆபீஸுக்கே திருப்பி எழுதிக் கொடுத்துவிட்டீர்கள். அதில் காலையில் ஒரு மணி நேரம் பையனுக்கு: குளிப்பாட்டுவது, பள்ளிக்குக் கிளப்புவது உங்கள் பொறுப்பு. சாயங்காலம் ஆறரைக்கு, நாளைக்கு முதலில் செய்ய வேண்டியதை ஒரு தாளில் எழுதிவிட்டு லேப்டாப்பை அலமாரியில் வைத்துப் பூட்டுங்கள். போனில் ஆபீஸ் அறிவிப்புகளை அணைத்துவிடுங்கள். எழுதி வைக்காமல் மூடினால் மனசு அங்கேயே சுற்றும், ஒன்பது மணிக்குத் திரும்பத் திறப்பீர்கள்.

ஐந்து நாளும் ஆபீஸுக்குப் போனால் அறை மனைவிக்குக் கிடைக்கும், உண்மைதான். கூடவே அம்மாவும் பையனும் முழுசாக அவர் பொறுப்பில் வந்துவிடுவார்கள். அதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். சீனப் பயண நிறுவனம் ஒன்றில் நடத்தி 2015-ல் வெளியான ஆய்வில், வீட்டிலிருந்து செய்தவர்களின் வேலை 13 சதவீதம் கூடியது. ஆனால் செய்த வேலையோடு ஒப்பிட்டால் அவர்களுக்குப் பதவி உயர்வு குறைவாகவே கிடைத்தது. கண்ணில் படாதவர்களை மேலதிகாரிகள் மறந்துவிடுகிறார்கள். அந்த நஷ்டம் உங்கள் மனைவிக்கும் உண்டு. அவருக்கும் ஆபீஸ் இருக்கிறது என்றால் இரண்டு நாள் நீங்கள் போங்கள், இரண்டு நாள் அவர் போகட்டும். அவர் போகிற நாளில் காலிங் பெல்லும் பென்சிலும் மூக்குக்கண்ணாடியும் உங்களுடையவை.

கீபோர்டு, கேபிள் எல்லாம் வாங்குவதற்கு முன்னால், வருகிற திங்கட்கிழமை முழுக்க நீங்கள் அந்தக் கட்டில் ஓரத்தில் உட்காருங்கள். அறை அவருக்கு. பையன் வந்தபிறகு இருக்கும் மீட்டிங்கைத் தள்ளிப் போடக் கூடாது. செவ்வாய்க்கிழமை மறுபடி எழுதுங்கள்.