சனம் குறைந்தால் விதானைப் பிரிவுகளையும் குறைப்பதா?

கேள்வி: யாழ்ப்பாண மாவட்டத்தில் சனத்தொகை குறைந்துவிட்டது, பல ஊர்களில் வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. அப்படியிருக்க 15 பிரதேச செயலகங்களும் 435 கிராம அலுவலர் (விதானை) பிரிவுகளும் எதற்கு? சிறிய பிரிவுகளை ஒன்றாக்கினால் அரசாங்கத்துக்குச் செலவு மிச்சமல்லவா?
— வாசகர் ஒருவர், கரவெட்டி

பதில்: சனம் குறைந்தது உண்மை. கிளிநொச்சியைச் சேர்க்காமல், இன்றைய மாவட்ட எல்லைக்குள் மட்டும் 1981 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் 738,000க்கு மேற்பட்டோர் இருந்தார்கள். போர் காரணமாக இங்கே அடுத்த முழுமையான மதிப்பீடு 2012 இல்தான் நடந்தது. அப்போது அத்தொகை 583,000 அளவுக்கு இறங்கியிருந்தது. ஆனால் இந்தக் கணக்கிலிருந்து நீங்கள் எடுக்கும் முடிவு தவறானது.

வலிகாமம் வடக்கைப் பாருங்கள். 1990 இல் மக்கள் இடம்பெயர்ந்தபின் பலாலி, மயிலிட்டி முதலிய ஊர்களில் ஆண்டுக்கணக்காக ஒரு குடும்பமும் குடியிருக்கவில்லை. தலைகளை மட்டும் எண்ணியிருந்தால் அந்தப் பிரிவுகளை அன்றே கலைத்திருக்கலாம். கலைக்காமல், அவற்றின் கிராம அலுவலர்கள் இடம்பெயர்ந்த இடங்களிலிருந்தே தத்தம் ஊர்ச்சனத்தின் பதிவுகளைப் பேணியதால்தான், 2017 இல் மயிலிட்டித் துறைமுகப் பகுதி இராணுவத்தின் பிடியிலிருந்து விடுவிக்கப்பட்டபோது, இன்னார் இந்த ஊர்க் குடும்பத்தவர் என்று உறுதிப்படுத்த ஓர் அலுவலர் இருந்தார். தம் காணி விடுபடும் என்று இன்னமும் காத்திருப்பவர்களுக்கு அந்தப் பிரிவின் இலக்கமும் ஓர் ஆதாரம்.

நெடுந்தீவில் ஆறு பிரிவுகள் உண்டு. ஆட்தொகையைப் பார்த்தால் இரண்டு போதும் என்று கொழும்பில் இருப்பவர் சொல்லக்கூடும். குறிகட்டுவானிலிருந்து படகேறிப் போய் மாவிலித்துறையில் இறங்கி, பேருந்து குறைந்த அந்தத் தீவின் கிழக்குக் கரைவரை வெயிலில் போய்ப் பார்த்தவர் அப்படிச் சொல்லமாட்டார்.

மேலும், ஆட்கள் குறைந்த ஊரில் விதானையாரின் வேலை குறைவதில்லை. பிள்ளைகள் எல்லாரும் வெளிநாட்டில் இருக்க, தனியே வாழும் எழுபது வயதுத் தாய் ஒருவருக்கு வதிவிடச் சான்று, முதியோர் கொடுப்பனவு, அஸ்வெசும நலன்புரிக் கொடுப்பனவு விண்ணப்பம், அடுத்த காணிக்காரருடனான வேலித் தகராறு என்று எல்லாவற்றுக்கும் அவரே முதற்படி. அவருடைய அலுவலகம் நடந்து போகும் தூரத்தில் இல்லாவிட்டால் அந்தத் தாய் ஓட்டோவுக்குக் காசு கொடுக்கவேண்டும். நீங்கள் சொல்லும் மிச்சம் அவருடைய கைக்காசில்தான் பிடிக்கப்படும்.

வாக்காளர் இடாப்புக்கான விபரங்களைத் திரட்டுபவரும் கிராம அலுவலரே. நாடாளுமன்ற ஆசனங்களில் பெரும்பகுதி பதிவுசெய்யப்பட்ட வாக்காளர் தொகையை வைத்தே பகிரப்படுகிறது. கிளிநொச்சியும் சேர்ந்த யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டம் 2010 இல் ஒன்பது பேரைத் தெரிவுசெய்தது; 2015 இல் அது ஏழாகி, 2024 இல் ஆறாகிவிட்டது. மக்கள் வெளியேறியதே இதற்கு முதன்மைக் காரணம் என்றாலும், இங்கேயே இருந்தும் பதியப்படாமல் விடுபடும் ஒவ்வொரு பெயரும் அந்த இறக்கத்துக்குத் துணைபோகிறது. பிரிவைப் பெரிதாக்கினால் வீடு வீடாகப் போவது இன்னும் அருகும்.

செலவைப் பற்றி அக்கறைப்படும் நீங்கள், வெற்றிடம் நிரப்பப்படாமல் ஒரே அலுவலர் இரண்டு பிரிவுகளைப் பதில் கடமையாகப் பார்ப்பதைப் பற்றிக் கேட்டிருக்கவேண்டும். அத்தகைய பிரிவில் அலுவலர் இன்று இந்த ஊரில், நாளை அடுத்த ஊரில். நாள் தெரியாமல் வந்தவர்கள் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். உங்கள் யோசனை இந்த நிலையை 435 பிரிவுகளுக்கும் சட்டமாக்கிவிடும். பிரிவுகளில் கைவைக்கும் முன் அந்த வெற்றிடங்களை நிரப்பும்படி பிரதேச செயலகத்திடமும் மாவட்டச் செயலகத்திடமும் எழுத்தில் கேளுங்கள். கேட்டு எழுதும் கடிதத்தின் பிரதியை அனுப்பினால் இதே பக்கத்தில் வெளியிடுவோம்.